கழுத்தில் எட்டு நரம்பு

அத்தியாயம் 6

போலீஸ்காரர் ஹூபர்ட் லிப்புக்கு அன்று காலை தலைகால் புரியவில்லை. ஜெர்மனியின் ஃப்யூஸன் ஊரில் இத்தனை வருஷமாக அவர் கண்டுபிடித்ததெல்லாம் வழி தவறிப்போன மாடுகளும் வழி தவறிப்போன சுற்றுலாப் பயணிகளும்தான். இன்றைக்கு வீணைக்குத் தூரத்துச் சொந்தமான நானூறு வருஷத்து லூட் வாத்தியம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கே? அது தொலைந்துபோன அதே வீட்டில், தொலைந்த அறைக்கு நேர் மேலே, பலகை அடுக்கும் பரணில்.

"கேஸ் முடிஞ்சுது," என்றார், கையிலிருந்த ப்ரெட்ஸல் ரொட்டியைக் கடித்துக்கொண்டே. "வீடு அஃப்ராவோடது. பரண் அஃப்ராவோடது. இதுக்கு மேல துப்பறிய என்ன பாக்கி இருக்கு?"

"மூளை ஒண்ணு பாக்கி இருக்கு சார்," என்றான் வென்டெலின். "இந்த ரூம்ல அது யார்கிட்ட இருக்குன்னுதான் தெரியலை."

வென்டெலின் கோக்ல், தனியார் துப்பறிவாளர் ரோஸ்விதா குகெமோஸின் உதவியாளன். அதற்கு முன்னால் பாலாடைக்கட்டி விற்றுக்கொண்டிருந்தான். வாய்த்துடுக்கால் வாடிக்கையாளர்களை எல்லாம் இழந்தபிறகு, வாய்த்துடுக்கே தகுதியாகக் கேட்கப்படும் ஒரே உத்தியோகத்தில் வந்து சேர்ந்தான். கார் ஓட்டுவது, குடை பிடிப்பது, முதலாளியம்மா யோசிக்கும்போது எதிராளியைப் பேச்சில் இழுத்து வைப்பது இவை மூன்றும் அவன் வேலை. மூன்றாவதற்கு மட்டும் அவன் சம்பளம் கேட்டதே இல்லை.

ஊரில் லூட் திருவிழா. உலகத்தில் மிச்சமிருக்கும் லூட் பைத்தியங்கள் அத்தனை பேரும் வருஷத்துக்கு ஒரு வாரம் இங்கே கூடி, காலையில் சண்டை போட்டு, மாலையில் வாசித்து, ராத்திரி பீர் குடித்துக்கொண்டே விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார்கள். நிறைவு நாளான இன்றைக்கு, இந்த ஊரிலேயே வாழ்ந்து செத்த ஷோங்கர் என்ற ஆசாரி செய்த பழைய லூட்டை மேடையேற்ற ஏற்பாடு. நகர அறக்கட்டளைக்குச் சொந்தமான அதைச் செப்பனிட்டு நரம்பு கட்டும் பொறுப்பு அஃப்ரா ஸோபெலுக்கு. நேற்று மாலை எல்லாரும் 'கறுப்புக் கரடி' விடுதியில் கச்சேரி கேட்கப் போனபோது, அவளுடைய பட்டறை அலமாரியிலிருந்து லூட் மாயமானது. அறக்கட்டளை அலறியடித்துக்கொண்டு ரோஸ்விதாவுக்குப் போன் போட்டது. பரணில் பல்பு இல்லை என்பதால் லிப் விடியும்வரை பொறுத்திருந்து ஏறினார். அவ்வளவு கடமை உணர்ச்சி.

அஃப்ரா வேலை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரத்தூள் படிந்த ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சார், நீங்க என்னை வண்டியில ஏத்தினா, நாளைக்கு ஊருக்குப் போற இவங்க அத்தனை பேரும் போற இடமெல்லாம் சொல்லுவாங்க. அஃப்ரா திருடின்னு. அப்புறம் எவன் என் கையில ஒரு வாத்தியத்தைக் கொடுப்பான்? நான் வெளிய வந்தாலும் இந்தப் பட்டறை திறக்காது. எனக்கு வேற தொழில் தெரியாது." அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"அழுகையெல்லாம் ஸ்டேஷன்ல," என்றார் லிப்.

"இருங்க லிப்," என்றார் ரோஸ்விதா. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தக் குள்ளமான பெண்மணிக்குச் சங்கீதத்தில் ஆனா ஆவன்னா தெரியாது. ரேடியோவில் செய்தி முடிந்து பாட்டு வந்தால் அணைத்துவிடுவார். "ஒரு காபி போட்டுக் குடிங்க. நீங்க குடிச்சு முடிக்கறதுக்குள்ள நான் கேக்கறதைக் கேட்டுடறேன்."

லிப்புக்கு ஓசிக் காபி என்றால் உயிர். சட்டம் ஒரு கோப்பை நேரம் காத்திருக்கச் சம்மதித்தது.

"அஃப்ரா, நேத்து மழை எப்ப ஆரம்பிச்சுது?"

"கச்சேரிக்கு எல்லாரும் கிளம்பறப்பவே. விடியற வரைக்கும் விடலை."

"இந்த லூட்டோட பெட்டி?"

"அது மத்தியானமே மேடைக்குப் போயிடுச்சு. பூ அலங்காரத்தோட வைக்கணும்னாங்க."

"பெட்டி இல்லாம இதை மழையில தூக்கிட்டுப் போகலாமா?"

அஃப்ரா அழுவதையே மறந்துவிட்டாள். "என்ன பேசறீங்க? இந்தக் குடம் எவ்வளவு மெல்லிசு தெரியுமா? எல்லாம் வச்சிரப் பசையில நிக்குது. மழையில கொண்டுபோறதும் அடுப்புல போடறதும் ஒண்ணுதான்."

"சாதாரணத் திருடனுக்கு அது தெரியுமா?"

"சாதாரணத் திருடனா இருந்தா சாக்குல போட்டுக்கிட்டுப் பஸ் ஏறியிருப்பான்," என்றான் வென்டெலின். "இவன் லூட்டுக்கு ஜலதோஷம் பிடிக்கும்னு திருடின வீட்டுலேயே வச்சிட்டுப் போயிருக்கான். போர்வை போர்த்தித் தாலாட்டும் பாடியிருப்பான் முதலாளியம்மா."

"நரம்பையெல்லாம் தளர்த்தி வச்சிருக்கான்," என்றாள் அஃப்ரா. "இழுவையில முகப்பலகை தூக்கிடக் கூடாதுன்னு."

"பாத்தீங்களா? தாலாட்டு."

ஆக, திருடன் ஒரு லூட்காரன். ஊரில் அன்றைக்கு லூட்காரன் அல்லாதவர்களை எண்ணுவதுதான் சுலபம் என்பதால், இந்தக் கண்டுபிடிப்பு வென்டெலினைப் பெரிதாகக் குதிக்க வைக்கவில்லை.

அஃப்ரா லூட்டை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அவள் முகம் மாறியது. "மெட்டு நகர்ந்திருக்கு," என்றாள் மெதுவாக.

லூட்டின் கழுத்தைச் சுற்றி ஆட்டுக்குடல் நரம்பால் எட்டுக் கட்டு போட்டிருக்கும். அதுதான் மெட்டு. வீணை மெட்டு போல மெழுகில் பதிந்து கிடக்காது; விரலால் தள்ளினால் நகரும். நகரக்கூடிய பொருள் ஒன்று வித்வான்கள் கையில் கிடைத்தால் ஊர் இரண்டுபடாமல் இருக்குமா?

ஃப்யூஸன் திருவிழா இரண்டுபட்டுத்தான் கிடந்தது. ஒரு பக்கம் புரொபசர் ஓட்டோகார் ஷ்வெண்ட். மெட்டுகளை ஒன்று நெருக்கி ஒன்று விலக்கித்தான் பழைய காலத்தில் கட்டினார்கள் என்று தலையணை அளவுக்குப் புத்தகம் எழுதி, அதை வேதமாக்கி, முப்பது வருஷமாக அதில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர். இன்னொரு பக்கம் செவரின் ஹாஸ்லாக். இடைவெளி படிப்படியாகச் சீராகக் குறைய வேண்டும், ஷோங்கர் காலத்து ஆட்களுக்கும் காது இருந்தது என்று கத்துகிறவன். செவரின் ஆட்கள் புரொபசர் கூட்டத்தைக் 'கோணல் கட்சி' என்பார்கள். கிட்டாரில்தான் மெட்டு சீராகப் பதிந்து கிடக்கும் என்பதால், புரொபசர் கூட்டம் பதிலுக்கு 'கிட்டார்காரன்' என்று சொல்லும். அந்த ஊரில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

"நான் புரொபசரோட அளவுப் பட்டையை வச்சுத்தான் கட்டினேன்," என்றாள் அஃப்ரா. "அறக்கட்டளைக்கு அவர்தான் ஆலோசகர். இப்ப பாருங்க, எட்டும் சீரா நிக்குது. செவரின் கட்டற மாதிரி."

"அப்ப செவரின்தான்," என்றார் லிப், கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு. கேஸ் இரண்டாவது தடவையாக முடிந்தது.

"நேத்து கச்சேரியே செவரினோடதுதானே சார்?" என்றான் வென்டெலின். "நீங்க முன்வரிசையில தூங்கிட்டு இருந்தீங்க. நான் கேள்விப்பட்டேன்."

"யாரையாவது அனுப்பியிருப்பான்."

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் ரோஸ்விதா.

"என்கிட்ட ஒண்ணு, புரொபசர்கிட்ட ஒண்ணு. ஒரு வாரமா தினம் வந்து லூட்டை ஆராய்ச்சி பண்ணினார். பாவம், அதைத் தொடறதுக்கே கை நடுங்கும் அவருக்கு. கழுத்தை மட்டும் துடைக்கவே கூடாதுன்னு சொல்லிட்டார். நானூறு வருஷத்து அழுக்கும் வரலாறுதானாம்."

"எங்க வீட்டு அடுப்பங்கரையைக்கூட அவருக்கு எழுதி வைக்கலாம்," என்றான் வென்டெலின்.

ரோஸ்விதா எழுந்தார். "கரடிக்குப் போய் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா வென்டெல். செவரின்கிட்ட உண்மையைச் சொல்லு. புரொபசர்கிட்ட நிபுணர் கருத்து வேணும்னு சொல்லு. அதைக் கேட்டா வராத புரொபசர் இன்னும் பிறக்கலை."

'கறுப்புக் கரடி'யில் காலைச் சாப்பாட்டு நேரம். கோணல் கட்சி சுவரோரம், சீர்க் கட்சி ஜன்னலோரம். நடுவில் இருந்த வெண்ணெய்ப் பாத்திரத்தை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில்கூட இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்தன. செவரின் வெள்ளைச் சாஸேஜின் தோலை உரித்துக்கொண்டிருந்தான்.

"லூட் கிடைச்சிடுச்சு," என்றான் வென்டெலின். "அதோட மெட்டு உங்க பாணியில இருக்கு. போலீஸ் உங்களைக் கூப்பிடுது."

செவரின் சாஸேஜை அப்படியே போட்டான். பயந்துவிட்டான் என்றுதான் வென்டெலின் நினைத்தான். "சீராவா? ஷோங்கர்லயா? யார் வச்சது? எனக்கு அவனைப் பாக்கணும்," என்று கோட்டைக்கூட எடுக்காமல் கிளம்பினான். திருடனுக்கு இவ்வளவு ஆர்வம் இருந்து வென்டெலின் பார்த்ததில்லை.

புரொபசர் ஷ்வெண்ட் மூலை மேஜையில் தனியாக இருந்தார். அவித்த முட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தார், உடைக்கவில்லை. நிபுணர் கருத்து என்றதும் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"கண்ணு சிவந்திருக்கே புரொபசர்," என்றான் வென்டெலின். "நேத்து கச்சேரியில அழுதுட்டீங்களா?"

"அந்தக் கிட்டார்காரன் கச்சேரிக்கு நான் எதுக்குப் போகணும்? ரூம்ல படிச்சுட்டு இருந்தேன்."

"நல்லவேளை. ஒரே ராகத்தை மறுபடி மறுபடி வாசிச்சு எல்லாரையும் உட்கார வச்சுட்டாராம். கூட்டம் கைதட்டினது அவரை நிறுத்தறதுக்குத்தானாம்."

புரொபசர் சிரிக்கவில்லை. வழியெல்லாம் கல் பாவிய தெருவையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

பட்டறையில் லிப் இரண்டாவது கோப்பைக்கு வந்திருந்தார். ரோஸ்விதா லூட்டை எடுத்து நேராகச் செவரின் கையில் கொடுத்தார்.

"வாசிங்க. கெட்டுப்போயிருக்கான்னு தெரியணும்."

வாசிப்பதாவது? முதலில் சுருதி சேர்க்க வேண்டும். தளர்ந்து கிடந்த நரம்புகளைச் செவரின் ஒவ்வொன்றாக முறுக்கி, காதை வைத்து, மறுபடி தளர்த்தி, முகம் சுளித்து, முதலில் சேர்த்தது இறங்கிவிட்டது என்று அதற்கே திரும்பி வந்தான். லிப் இன்னொரு ப்ரெட்ஸலை முடித்தார். வென்டெலினுக்கு ஒரு சந்தேகம் வந்தது, உண்மையில் இவர்கள் வாசிப்பதே இல்லையோ, சுருதி சேர்ப்பதைத்தான் கச்சேரி என்று சொல்லி டிக்கெட் விற்கிறார்களோ என்று.

கடைசியில் செவரின் நாலு விரலை ஓட்டினான். சின்னச் சத்தம்தான். ஆனால் அறையில் இருந்த மரமெல்லாம் காது கொடுத்துக் கேட்ட மாதிரி இருந்தது. செய்தி மட்டும் கேட்கும் ரோஸ்விதாகூட அணைக்கச் சொல்லவில்லை.

"அருமையா வச்சிருக்கான்," என்றான் செவரின். "இந்த மூணாவது மெட்டை மட்டும் ஒரு மயிரிழை தள்ளினா..."

லூட்காரன் கையில் லூட்டைக் கொடுத்தால் ஒரு மெட்டையாவது நகர்த்தாமல் திருப்பித் தரமாட்டான். செவரின் கட்டை விரலால் தள்ளினான். தள்ளியவன் நின்றுவிட்டான். மெட்டு இருந்த இடத்தில், கழுத்தின் ஓரத்தில், அழுக்குக்கு அடியில் ஒரு பள்ளம். நரம்பு அழுத்தி அழுத்தி மரத்தில் பதிந்த பழைய தடம். மெட்டைத் திரும்பத் தள்ளினான். போய்ப் பொருந்தி உட்கார்ந்தது. நாலாவதைத் தள்ளினான். அதற்கடியிலும் தடம். ஐந்தாவது. ஆறாவது.

"அஃப்ரா, இந்தக் கழுத்து மாத்தினதா?"

"இல்ல. ஷோங்கர் போட்ட அதே கழுத்து. அதனாலதானே இதுக்கு இவ்வளவு மரியாதை."

செவரின் லூட்டைப் பூப்போல மேஜையில் வைத்தான். பிறகு ஜன்னலைத் திறந்து, தெருவில் ரொட்டி வாங்கப் போய்க்கொண்டிருந்த சனங்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்.

"எல்லாரும் கேளுங்க, ஷோங்கர் சீராத்தான் கட்டியிருக்கான். தடம் இருக்கு. நான் சொன்னேனா இல்லையா? பதினஞ்சு வருஷமா என்னைக் கிட்டார்காரன்னு சொன்னீங்களேடா."

அஃப்ரா லூட்டின் மேல் குனிந்தாள். லிப் கோப்பையோடு குனிந்தார். லூட்டுக்கும் தோசைக்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாத வென்டெலினும் இடித்துத் தள்ளிக்கொண்டு குனிந்து பார்த்தான். கோடு கோடாக எட்டுத் தடம், நகத்தால் தடவினால் தெரிந்தது.

நிமிர்ந்தபோது ரோஸ்விதா லூட்டைப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனித்தான். அவர் அறையின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிப், செவரினை விட்டுடுங்க," என்றார். "இதை நேத்தே பார்த்திருந்தா நேத்தே கத்தியிருப்பான். இந்தத் தடம் அவனுக்குப் பொக்கிஷம். அதை எவனாவது பரண்ல ஒளிச்சு வைப்பானா?"

"அப்ப யாரு?" லிப்பின் கேஸ் இரண்டாவது தடவையும் முடியாமல் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ரோஸ்விதா குரலை உயர்த்தவே இல்லை. "புரொபசர், இந்த ஒரு விஷயத்துக்காக முப்பது வருஷம் சண்டை போட்டிருக்கீங்க. செத்துப்போன ஷோங்கரே வந்து சாட்சி சொல்ற மாதிரி ஒண்ணு இப்பக் கிடைச்சிருக்கு. மாடு தேடற லிப் குனிஞ்சு பார்க்கறார். பாலாடைக்கட்டி வித்த வென்டெல் முட்டி மோதிப் பார்க்கறான். நீங்க மட்டும் அங்க நின்னு கண்ணாடி துடைக்கறீங்க."

புரொபசரின் கையில் கண்ணாடி நின்றது.

"முதல் தடவை கேள்விப்படறவர் ஓடிவந்து பார்த்திருப்பார். பொய்னு நிரூபிக்கவாவது பார்த்திருப்பார். ஏற்கெனவே பார்த்தவருக்குத்தான் திரும்பப் பார்க்கப் பிடிக்காது."

"இது வெறும் அனுமானம்," என்றார் புரொபசர். "நான் கண்ணாடி துடைச்சது குற்றமா?"

"கழுத்தைத் துடைக்க விடாததுதான் குற்றம்," என்றான் வென்டெலின். "வரலாறுன்னு சொன்னீங்களே, அது சரிதான். உங்களுக்கு எதிரான வரலாறு."

"நிரூபியுங்க," என்றார் புரொபசர். குரல் கணீரென்று இருந்தது. வகுப்பறைக் குரல்.

லிப் ரோஸ்விதாவைப் பார்த்தார். வென்டெலினும் பார்த்தான். கைரேகை பார்க்கலாம் என்றால் ஒரு வாரமாக அவர் தினமும் தொட்ட வாத்தியம். சாவி இருக்கிறதென்றால் அறக்கட்டளையே கொடுத்த சாவி. அஃப்ராவின் முகத்தில் வந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. முதலாளியம்மா இந்தத் தடவை மாட்டிக்கொண்டார் என்றே வென்டெலின் நினைத்தான்.

ரோஸ்விதா லூட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். "எனக்குச் சங்கீதம் தெரியாது புரொபசர். தெரிஞ்சவரா இருக்கறதால உங்களைக் கேக்கறேன். அந்தத் தடத்து மேல மெட்டை வச்சு நேத்து வாசிச்சுப் பார்த்திருக்காங்க. இல்லேன்னா எட்டையும் நகர்த்த வேண்டிய அவசியமே இல்லை. அது காதுக்கு எப்படி இருந்திருக்கும்? சகிக்காதுதானே? உங்க புத்தகத்துல அப்படித்தானே போட்டிருக்கு?"

புரொபசர் வாயைத் திறந்தார். சகிக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவைத் திறந்துகொண்டு வெளியே போயிருக்கலாம். திருட்டைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. இந்த ஒரு பொய் மட்டும் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை.

"நல்லா இருந்துச்சு," என்றார்.

ஜன்னலில் நின்ற செவரின்கூட வாயை மூடிக்கொண்டான்.

"எரிச்சுடணும்னுதான் எடுத்தேன்," என்றார் புரொபசர் தரையைப் பார்த்துக்கொண்டு. "மழை. வெளிய கொண்டுபோக மனசு வரலை. விடட்டும்னு பரணுக்குப் போனேன். சும்மா இருக்க முடியலை. இருட்டுல தடவித் தடவியே மெட்டைத் தடத்து மேல வச்சுப் பார்த்தேன். ஒரு பாட்டு வாசிச்சேன். அப்புறம் இன்னொண்ணு. இவன் கச்சேரியை முடிக்கவே மாட்டேன்னான். கீழ அஃப்ரா கதவு திறக்கற சத்தம் கேட்டுது. நரம்பைத் தளர்த்திட்டு, வச்சுட்டுப் பின்படி வழியா இறங்கிட்டேன்."

"மெட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளத் தோணலையா?" என்றான் வென்டெலின்.

"கை வரலை."

அஃப்ரா அவர் முன்னால் போய் நின்றாள்.

"நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன் புரொபசர். இந்த லூட்டுக்கு ஜலதோஷம் பிடிக்கக் கூடாதுன்னு பார்த்தீங்க, என்னைப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சீங்களா? காலையில இவர் என்னைத் திருடின்னு சொன்னப்ப நீங்க கரடியில உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுட்டு இருந்தீங்களாமே."

"சாப்பிடலை," என்றார் புரொபசர், வென்டெலின் பக்கம் திரும்பி, ஏதோ அதற்கு அவன்தான் சாட்சி என்பதுபோல. "தட்டிட்டு மட்டும்தான் இருந்தேன்."

லிப் விலங்கைத் தேடிப் பையில் கைவிட்டார். ரோஸ்விதா தடுத்தார். "புகார் கொடுக்க வேண்டியவ அஃப்ரா. அவ என்ன சொல்றாளோ அதுதான்."

அஃப்ரா லூட்டைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு உங்களை உள்ள தள்ள ஆசை இல்லை," என்றாள். "சாயங்காலம் மேடையில செவரின் இதை இப்படியே வாசிக்கட்டும். வாசிக்கறதுக்கு முன்னாடி நீங்க ஏறி நாலு வார்த்தை சொல்லுங்க. தடம் இருக்குன்னு சொல்லுங்க. அஃப்ரா திருடலைன்னு சொல்லுங்க. செவரின் சொன்னது சரி, என் புத்தகம் தப்புன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். நான் புகார் கொடுக்கலை, அறக்கட்டளைகிட்டயும் நானே பேசறேன். இதோட முடிச்சுக்கலாம்."

அத்தனை பேருக்கும் அது பெரிய மனசாகத்தான் பட்டது. செவரின்கூடத் தலையாட்டினான். "நாலு வார்த்தைதான் புரொபசர்," என்றார் லிப், நல்லபடியாக முடிந்தால் இன்னொரு காபி கிடைக்கும் என்ற நம்பிக்கையில்.

புரொபசர் ஷ்வெண்ட் யோசித்தார். முழுசாக, நியாயமாக, எல்லாப் பக்கமும் எடைபோட்டு யோசித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கழுத்துப் பட்டையை நேராக்கிக்கொண்டார்.

பிறகு இரண்டு கைகளையும் லிப்பின் முன்னால் நீட்டினார்.

"வண்டி எங்க நிக்குது?"